அம்புக்குறியைத் திருப்பச் சொன்னவர்

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் மனுஷன் ஆமாம் என்பான், இல்லை என்பான். இவர், “எதுக்குக் கேக்கறே சாமி?” என்பார். மழை வருமா என்று கேட்டாலும் அதே பதில். வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்றாலும் அதே பதில். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. எரிச்சல் கடைசிவரை போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆள் இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும், எழுதினால் எங்கிருந்தாவது எழுந்து வந்து எதுக்கு என்று கேட்பார்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பது என் வேலை. லாரி பாடி, போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஏணி, கோழிக்கூண்டு, எது கேட்டாலும் அளவு போட்டு வரைந்து பிரிண்ட் எடுத்துத் தருவேன். கூடவே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். அவர் முதல் தடவை வந்தபோது ஒரு கதவின் பாதியை மட்டும் பென்சிலில் கிறுக்கிக் கொண்டுவந்தார். அவர் பையில் பேனா இருக்காது. பென்சில் என்றால் அழித்துவிடலாம்.

“மீதி எங்கீங்க?”

“எதுக்குக் கேக்கறே சாமி?”

“மீதி இல்லாம கதவ எப்பிடிங்க வரையறது?”

“பாதிக்குப் பாதி காசு வாங்கிக்க.”

வரைந்தேன். ஸ்டூலைத் தெருவும் தெரிகிற மாதிரி, ஸ்கிரீனும் தெரிகிற மாதிரி கோணலாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். பிரிண்ட் கைக்குப் போனதும் படத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன். “அந்தக் குப்பைத் தொட்டியையும் கொட்டு” என்றார். கொட்டினேன். பிரிண்டரை மூடச் சொன்னார். கண்ணாடிக்கு அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நான் வரைந்து கொடுத்த படத்தை நானே திருடிவிடுவேன் என்று என் எதிரிலேயே உட்கார்ந்து பயந்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

ராசிபுரத்தில் இதே தொழில் செய்கிற ஒருத்தர் எனக்குப் பழக்கம். ஒருநாள் போனில் பேசும்போது, “உங்களுக்கு ஒரு அரைக்கதவு வந்துச்சுங்களா?” என்று கேட்டார். வந்தது என்றேன். “எனக்கு அந்தப்பக்கத்து அரை வந்துச்சு. பாத்தா கிறுக்கனாட்டம் தெரியலீங்க. ஆனா நம்மளக் கிறுக்கனாக்கிட்டுப் போறாருங்க” என்றார். ரெண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. இவ்வளவு மறைக்கிற ஆளிடம் சொந்தச் சரக்கு இருக்குமா? எங்கிருந்தோ சுட்டுக்கொண்டு வந்ததால்தானே இத்தனை ஒளிவு மறைவு? திருட்டுப் பொருளை வைத்திருக்கிறவன்தான் தெருவைப் பார்த்து உட்காருவான்.

தகடு வேலைக்கும் அவர் ஒரே பட்டறைக்குப் போனதில்லை. ஓமலூரில் தகடு வளைத்தார்; அங்கே முட்டை அட்டை அடுக்குகிற ஸ்டாண்டு என்று சொன்னார். அம்மாபேட்டையில் தட்டு செய்தார். அங்கே சேலை அடுக்குகிற அலமாரி என்றார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் கதவு செய்யக் கொடுத்தபோது பூஜை அலமாரி என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். அந்தப் பட்டறைக்காரர் பக்தியுள்ளவர் போல. காற்றுப் போகக் கதவின் மேலே ஓட்டை போடு என்று இவர் சொன்னதற்கு, வரிசையாகக் குத்துவிளக்கு வடிவத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார். “நல்லா அம்சமா வந்திருக்குதுங்க, எந்தச் சாமிங்க உள்ள வெக்கப் போறீங்க?” என்று கேட்டதற்கு இவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்தச் சாமி, பூட்ஸ். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவசர வேலையாக ஒரு லாரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். இவர், அவர் போனால்தான் சீட்டை எடுப்பேன் என்று பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றார். “ஏனுங்க, உங்க அரைக்கதவ வெச்சு நாங்க அரண்மனை கட்டப் போறமா? நம்பிக்கை இல்லாட்டி இங்க வராதீங்க. வெளிய போங்க” என்று கத்தினேன். போய்விட்டார். தொலைந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் முழுக் கட்டோடு வந்து நின்றார். கதவின் இரண்டு பாதியும், தட்டும், குழாயும், அடியில் வைக்கிற ஃபேனும் எல்லாம் அதில் இருந்தன.

“என்னங்க, இப்ப முழுசாக் கொண்டாந்திருக்கீங்க?”

“திட்டறவ திருட மாட்டா. சிரிச்சுப் பேசறவனத்தான் சாமி நம்பக் கூடாது.”

சிரித்துப் பேசியவர் அவருடைய மச்சான். கோழிகளுக்குத் தீவனம் போட வரிசை நெடுகத் தள்ளிக்கொண்டு போகிற ஒரு வண்டியை இவர் ரொம்பக் காலத்துக்கு முன் செய்திருக்கிறார். தம்பியின் பண்ணைக்கு வந்த எல்லோருக்கும் ஓட்டிக் காட்டி, டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மச்சான் அளவெடுத்துக்கொண்டு போய்ப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் கோழிப்பண்ணைக் கண்காட்சியில் அந்த வண்டி வரிசையாக நின்றது. விற்றுக்கொண்டிருந்த பையன் இவரைப் பார்த்து, “பெருசு, நீங்களும் நம்ம மாடலப் பாத்து ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கீங்களாமா?” என்று கேட்டானாம். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லும்போது ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை காப்புரிமை வாங்கிவிட்டுத்தான் வெளியே காட்டுவது என்று முடிவு செய்திருந்தார். பண்ணைச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடைக்காரர், பேட்டன்ட்டு கிடைத்தால் தானே செய்து பண்ணை பண்ணையாக வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கும் இவர் பொருளைக் காட்டவில்லை. பூட்ஸ் காயவைத்து எடுத்துவைக்கிற அலமாரி என்று சொன்னதோடு சரி.

வக்கீல் யாரையாவது பாருங்கள் என்றேன். வக்கீலை நம்பச் சொல்கிறாயா என்று என்னை முறைத்தார். சரி என்று நானே இணையத்தில் படித்துப் படித்துச் சொன்னேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. காப்புரிமை அலுவலகம் என்பது நகையை வைத்துப் பூட்டுகிற லாக்கர் மாதிரி என்று மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார்.

“பூட்டி வெக்க மாட்டாங்கங்க. கொஞ்ச நாள் கழிச்சு எல்லாரும் பாக்கறாப்பல நெட்டுல போட்டுருவாங்க” என்றேன்.

“எல்லாருமா?”

“உலகமே பாக்கலாமுங்க. நீங்க எப்பிடிச் செஞ்சீங்கன்னு முழுசாச் சொல்லோணும். அதுக்குப் பதிலாத்தான் உரிமை குடுக்கறாங்க.”

முகம் செத்துப்போய்விட்டது. எழுந்து போய் எதிர்க்கடையில் டீ வாங்கினார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். திரும்பி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, ஸ்கிரீனில் ஃபேன் பக்கத்தில் இருந்த அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுகிற அம்பு அது.

“இதத் திருப்பிப் போடு.”

“ஏனுங்க?”

“எதுக்குக் கேக்கறே சாமி?”

திருப்பிப் போட்டேன். மவுசில் ஒரு சுண்டு. படம் வரைகிற எனக்கு அம்பு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? விவரக் குறிப்பிலும் அதற்கேற்ற மாதிரி, ஃபேன் சூடான காற்றைக் குழாய் வழியாக பூட்ஸுக்குள் தள்ளும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து பரிசோதனை அறிக்கை வர நாளாயிற்று. இடையில் வாரத்துக்கு நாலு தடவை போன் செய்வார். “எதாச்சும் வந்துச்சா? வேற ஆராச்சும் பாத்தாங்களா? கடையில கேமரா வெச்சியாமா, எதுக்கு வெச்சே?” அவரிடம் மெயில் கிடையாது, என் கடை மெயிலைத்தான் கொடுத்திருந்தோம். அறிக்கை வந்ததைச் சொல்லக் கூப்பிட்டால், “எனக்கு முன்னால நீ எதுக்குத் தொறந்தே?” என்று சண்டைக்கு வந்தார்.

அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று பரிசோதகர் எழுதியிருந்தார். அதற்குச் சாட்சியாக மூன்று வெளிநாட்டு விண்ணப்பங்களின் எண்களைக் கொடுத்திருந்தார். ஒன்று ஜப்பான், ஒன்று கொரியா, ஒன்று அமெரிக்கா. நான் மூன்றையும் தேடி எடுத்து, எங்கள் படத்தோடு பக்கம் பக்கமாக ஸ்கிரீனில் வைத்தேன். அலமாரி, தட்டு, பூட்ஸைக் கவிழ்த்து மாட்டுகிற குழாய், அடியில் ஃபேன், ஃபேனிலிருந்து உள்ளே பார்க்கிற அம்பு. குத்துவிளக்கு ஓட்டையைத் தவிர எல்லாம் அச்சு அசல்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை காலம் என்னைத் திருடி மாதிரி நடத்திய ஆள்.

“ஜப்பான்காரன் படத்தப் பாத்து வரைஞ்சுட்டு வந்துதான் எங்கிட்ட இத்தன வேசம் போட்டீங்களாக்கும்? திருட்டுப் பொருளுக்கு எதுக்குங்க இவ்வளவு பூட்டு?” என்று கேட்டேன். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

அவர் எதுக்குக் கேக்கறே என்று சொல்லவில்லை. ஸ்கிரீனில் இருந்த மூன்று படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “வண்டிய எடு” என்றார்.

அவர் மொபெட்டில் முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். நேராகப் போனால் சீக்கிரம் போய்விடுகிற தூரம். அவர் ஊர் ஊராகச் சுற்றி, ரெண்டு இடத்தில் நின்று திரும்பிப் பார்த்து, புதுச்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர் தம்பியின் கோழிப்பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை. அறைக்கு ஒரு சின்ன ஜன்னல். அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம்.

பண்ணைக்குள் போகிறவர்கள் கேட்டில் கட்டியிருக்கிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் பூட்ஸோடு இறங்கி ஏறித்தான் போக வேண்டும். கோழிக்கு நோய் வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு நாளில் எத்தனை தடவை வெளியே போய் வருகிறார்களோ அத்தனை தடவை. தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கிவிடும். ராத்திரி முழுக்க வைத்தாலும் காயாது. முட்டை பொறுக்குகிற பெண்களின் கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் புண்ணாகிக் கிடக்கும். இவர் சாயங்காலம் அந்த ஜன்னல் வழியாக ஒவ்வொருவரிடமும் பூட்ஸை வாங்கிக்கொள்வார். காலையில் காய்ந்த பூட்ஸைத் திருப்பிக் கொடுப்பார். உள்ளே யாரையும் விட மாட்டார். நான் போன அன்றைக்கு முட்டை பொறுக்குகிற ஒரு அம்மா அங்கே நின்றிருந்தது. என்னைப் பார்த்து, “கோயல் வாசல்ல செருப்பு வாங்கி வெக்கறவராட்டம்தானுங்க்கா இவரு. டோக்கன் மட்டுந்தான் குடுக்கறதில்ல” என்று சொல்லிச் சிரித்தது. “போய் வேலையப் பாரு” என்றார் இவர்.

அறைக்குள் என்னை விட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். ஹெல்மெட்டை நான் கையிலேயே வைத்திருந்தேன். ஆளுக்கு என்ன வயசானாலும் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்தான். தேவைப்பட்டால் ஓங்கி ஒன்று போடலாம்.

அவர் அலமாரியைத் திறந்தார். ஆள் உயரத்துக்கு இருந்தது. குழாய் குழாயாக நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்ஸ் தலைகீழாக மாட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டார். மேல்தட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்து, ஒரு பூட்ஸின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

“பொகை எங்க போகுதுன்னு பாரு.”

புகை பூட்ஸுக்குள் நுழைந்து காணாமல் போனது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

“இழுக்குதுங்க” என்றேன்.

“இழுக்கோணும். உள்ள ஊதினா, சூடு மேல படும், வெரலு போற முனையில ஈரம் அப்பிடியே நிக்கும். நம்ம கோழிக் கொட்டாயில காத்த உள்ளயா ஊதறாங்க? ஒரு பக்கம் ஃபேன் வெச்சு இழுக்கறாங்க. மூலையில நாத்தம் நிக்கறதில்ல. அதேதான் இது. முனையில குழாய் வாய வெச்சு இழுக்கறேன். ஈரம் அங்கிருந்தேதான் போகோணும்.”

ஒரு பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். விரல் நுனி வரை காய்ந்திருந்தது. ரப்பர் எங்கேயும் விரிசல் விட்டிருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அப்பறம் எதுக்குங்க அம்பத் திருப்பச் சொன்னீங்க?”

“நெட்டுல போட்டுருவாங்கன்னு நீதானே சொன்னே. பாத்துச் செய்யறவன் தப்பாச் செய்யட்டும்னுதான்.”

எனக்குக் கத்தத்தான் தெரியும், கத்தினேன். திருடனை ஏமாற்றுவதாக நினைத்து, உரிமை கொடுக்கிறவர்களை ஏமாற்றி வைத்திருக்கிறார். பரிசோதகர் இவர் பண்ணைக்கு வந்து ஊதுபத்தி பிடித்துப் பார்க்கப் போகிறாரா? காகிதத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார். காகிதத்தில் இருந்தது ஜப்பான்காரன் சரக்கு. இவருடைய சரக்கு இவர் தலைக்குள் மட்டும் இருந்தது. கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மெதுவாப் பேசு சாமி, வெளிய அந்தம்மா நிக்குது” என்றார்.

நிராகரிக்கும் முன் நேரில் பேச ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். வீடியோவில்தான். என் கடையில், என் கம்ப்யூட்டரில். பகலிலேயே ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். இறக்கினேன். அந்தப் பக்கம் காப்புரிமை அலுவலகத்து அதிகாரி, ஒரு பெண், வணக்கம் சொல்லிவிட்டு, “ஐயா, உங்க முகம் தெரியலையே” என்றார். பார்த்தால், நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கேமரா மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார். என்னுடைய பொட்டு அட்டையிலிருந்து எடுத்தது. பிய்த்துப் போட்டேன்.

அதிகாரி நிதானமாகப் பேசினார். “உங்க படத்துல காத்து உள்ளே தள்ளப்படுது. இந்த மூணு ஆவணத்துலயும் அப்படித்தான். அப்ப உங்களோடதுல எது புதுசு? ஈரம் எப்படி வெளியேறுது?”

நான் அவர் முழங்கையை இடித்தேன். சொல்லுங்கள், இதுதான் நேரம்.

அவர் ஸ்கிரீனை உற்றுப் பார்த்தார். “எதுக்குங்க கேக்கறீங்க?” என்றார்.

எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

“கேக்கறதுதான் ஐயா என் வேலை” என்றார் அதிகாரி. கோபப்படவில்லை. “சரி, மேலே குத்துவிளக்கு மாதிரி ஓட்டை இருக்கே, அதுக்கு ஏதாவது வேலை உண்டா?”

“அது பூஜை அலமாரின்னு சொல்லிச் செஞ்சதுங்க.”

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். இனி பொறுக்க முடியாது என்று நான், “மேடம், அந்த அம்புக்குறி...” என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், இவர் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பிரிண்டரும் டேபிள் ஃபேனும் நின்றன. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அதற்கும் நெட்டுக்கும் யூபிஎஸ் பாட்டரி போட்டிருக்கிறேன். அது கீக் கீக் என்று கத்திக்கொண்டிருக்க, அதிகாரி ஸ்கிரீனிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் வயரோடு தரையில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அதற்கு மேல் போக இடமில்லை.

“அம்பு நாங்க திருப்பிப் போட்டதுங்க” என்றார் தரையிலிருந்தே.

“தெரிஞ்சேவா?”

“ஆமாங்க. ஊருக்கே காட்டுவீங்கன்னு சொன்னாங்க. அதான்.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு, கொடுத்த காகிதத்தில் இல்லாததை இப்போது சேர்க்க முடியாது, இந்த விண்ணப்பத்தை நிராகரிக்கத்தான் வேண்டியிருக்கும் என்று விளக்கினார். “ஆனா ஒண்ணு. அந்த அலமாரி எப்படி வேலை செய்யுதுன்னு வெளியாள் யாருக்காவது காட்டியிருக்கீங்களா? யாருக்காவது வித்திருக்கீங்களா?”

“இல்லீங்க.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “இந்த அம்மிணி மட்டும் பாத்திருக்குது.”

“அப்படின்னா புதுசா ஒரு விண்ணப்பம் போடுங்க. இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்க. சீக்கிரமாப் போடுங்க.”

யோசித்துப் பாருங்கள். இத்தனை காலம் அவர் பட்ட சந்தேகம்தான் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது. யாருக்கும் காட்டாததால் எல்லாம் இன்னும் புதிதாகவே இருந்தது. ஒரே ஒரு அம்பைத் திருப்பி, ரெண்டு பாரா மாற்றி எழுதி அனுப்பினால் போதும். பண்ணைச் சாமான் கடைக்காரர் காத்திருக்கிறார். பண்ணைகளில் கால் புண்ணோடு ஜனங்கள் முட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சுண்டு சுண்டினால் போதும்.

மறுநாளே வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். ஸ்டூலைத் தெருப் பக்கம் பார்க்காமல் நேராகப் போட்டு உட்கார்ந்தார். “திருப்பு” என்றார். திருப்பினேன். குறிப்பை மாற்றி எழுதி, படத்துக்குக் கீழே வைத்துக் காட்டினேன். படமும் குறிப்புமாக, உள்ளது உள்ளபடி அந்த அலமாரி முழுசாக ஒரு இடத்தில் இருந்தது அப்போதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நாளில் பார்க்காத முகம்.

பிறகு கேட்டார். “இப்ப இது உன்ற கம்ப்யூட்டர்ல இருக்குது.”

“ஆமாங்க.”

“இதுல அழிச்சுரலாம்.”

“அழிச்சுரலாமுங்க. அனுப்பிச்சுட்டு அழிக்கறேன்.”

“உன்ற தலையிலயும் இருக்குது.”

மவுசிலிருந்து கையை எடுத்தேன்.

“அழிச்சுரு சாமி. அனுப்ப வேண்டாம்.”

“என்னையத் திருடீங்கறீங்களா?”

“உன்னையச் சொல்லல. அனுப்பிச்சா எனக்குத் தூக்கம் வராது.”

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுத முடியாததையும் சொன்னேன். திட்டுகிறவள் திருட மாட்டாள் என்று சொன்ன வாய்தானே என்றும் கேட்டேன். அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் கொட்டினேன். அப்புறம் அவர் கடைக்கு வரவில்லை. போனில் மட்டும் கூப்பிடுவார். “ஆராச்சும் வந்து கேட்டாங்களா?” என்பார். இல்லை என்று சொல்லி வைத்துவிடுவேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது வேறு குரல்.

“கறிக்கடைங்களா?”

“இல்லீங்க. ஆருங்க நீங்க?”

“அண்ணன் போன்ல உங்க நம்பரு கறிக்கடைன்னு இருக்குதுங்க. அண்ணன் கறியே திங்காது. ஆனா வாரம் நாலு தடவ கறிக்கடைக்குப் பேசியிருக்குது. என்னமோன்னு கூப்புட்டேன்.”

அவர் தம்பி. அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டதாகவும், காரியமெல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். போனில் எல்லோர் பெயரையும் மாற்றித்தான் வைத்திருந்தாராம். தம்பியின் பெயரே ‘பஞ்சர் கடை’ என்று இருந்ததாம். நான் யார் என்று சொன்னதும், “அப்ப உங்களுக்குத் தெரியுமுங்க. கேட்டுகிட்ட ஒரு பீரோ வெச்சிருக்குதே, அத எடைக்குப் போட்டுரலாமுங்களா?” என்று கேட்டார்.

போடாதீங்க, வாரேன் என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தேன். இந்தத் தடவை நேர் வழியில் போனேன்.

தம்பி பூட்டைத் திறந்துவிட்டு உள்ளே முட்டை ஏற்ற வந்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அந்த முட்டை பொறுக்குகிற அம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. கையில் பூட்ஸ்.

“பாவமுங்க்கா மனுசன். ஆனா கடைசியில என்னமோ, பூட்ஸு காயவே இல்லீங்க. ஈரமாத்தான் குடுத்துட்டிருந்தாரு. ஏனுங்கன்னு கேட்டா, எதுக்குக் கேக்கறேன்னு சொல்லீருவாரு.” பூட்ஸைக் கீழே போட்டுவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டியது. விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. “முன்னாடி ஆறியிருந்துச்சுங்க.”

அலமாரியைத் திறந்தேன். அவர் கடைசியாக வாங்கி மாட்டிய பூட்ஸுகள் அப்படியே தொங்கின. ஒன்றுக்குள் கையை விட்டேன். முனையில் பூஞ்சை பிசுபிசுத்தது. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் நன்றாகத்தான் ஓடியது. மேல்தட்டில் ஊதுபத்திக் கட்டு இருந்தது. ஒன்றைப் பற்றவைத்து பூட்ஸின் வாயில் பிடித்தேன்.

புகை என் முகத்தில் அடித்தது.

கீழே குனிந்து பார்த்தேன். ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தார். போல்ட்டில் ஸ்பானர் உரசிய தடம் புதிதாகப் பளபளத்தது. காகிதத்தில் பொய் எழுதியது போதாமல், பொருளையும் அந்தப் பொய்க்குத் தகுந்த மாதிரி மாற்றி வைத்திருக்கிறார். எப்போது, எதற்கு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்துவிட்டேன். நான் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து காட்டினால், இது வெறும் ஜப்பான்காரன் அலமாரியாக இருக்க வேண்டும். என்னை நினைத்துத்தான் திருப்பியிருக்கிறார். காயாது என்று தெரிந்தேதான் ஒவ்வொரு சாயங்காலமும் ஜன்னலில் உட்கார்ந்து பூட்ஸ் வாங்கியிருக்கிறார். காலையில் ஈரத்தோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

செத்த மனுஷனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டினேன். சத்தமாகவே திட்டினேன். திட்டிக்கொண்டே மூலையில் இருந்த ஸ்பானரை எடுத்து, சுவிட்சை அணைத்து, ஃபேனைக் கழற்றி, திருப்பி மாட்டினேன். அந்த அம்மாவிடம் பூட்ஸை வாங்கிக் குழாயில் கவிழ்த்து, சுவிட்சைப் போட்டு, கதவைச் சாத்தி, விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மா எனக்கு முன்னால் கதவைத் திறந்து, பூட்ஸுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றது.

“காஞ்சு கெடக்குதுங்க்கா! ஒரே ராத்திரியில என்ன பண்ணினீங்க? எப்பிடிக் காயுது?”

எதுக்குக் கேக்கறே என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மேல்தட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன்.

“பூட்ஸு வாய்கிட்டப் புடிங்க. பொகை எங்க போகுதுன்னு நீங்களே பாருங்க.”